எழிலை நிறுக்கும் இரு தராசுகள்

உடலழகு என்னும் சுமை பெண்ணின் தலைமீது மட்டுமே ஏற்றப்பட்டுள்ளது என்பர் சிலர். ஆணும் அதே சுமையைச் சுமக்கின்றான், ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றிலும் உண்மையுண்டு. எனினும் இரண்டும் முழுமையானவையல்ல. ஒரு சமுதாயத்தின் கண் எதை, எவ்வாறு பார்த்தது என்பதற்கு அதன் இலக்கியமே சான்று. ஆதலின் தமிழ், அரபு ஆகிய இரு இலக்கியங்களையும் முதலில் நோக்கி, பின்னர் இன்றைய நிலைக்கு வருவோம்.

தமிழில் உருவத்தை உறுப்புறுப்பாகப் புனைவதற்குக் கேசாதிபாதம், பாதாதிகேசம் என இரு முறைகள் உண்டு. கூந்தல் மேகம், நெற்றி பிறை, கண் கயல், இடை கொடி எனப் பெண்ணுக்கு உவமைகள் வரிசையாக வந்து நிற்கும். ஆணையும் நம் புலவர்கள் பாடாமல் விடவில்லை. அவன் தோள் மலை, மார்பு அகன்றது, கை நீண்டது. ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனித்தல் வேண்டும். அத்தோள் பாரம் தாங்கும். அக்கை வாளேந்தும், அன்றேல் வறியோர்க்கு வழங்கும். ஆணின் உறுப்புக்குச் செயல் உண்டு. பெண்ணின் உறுப்புக்குப் பெரும்பாலும் தோற்றமே உண்டு. அரபு நாட்டுக்குத் தமிழகத்து ஆற்றையும் வயலையும் வழங்கிச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் முதலாக, நம் புலவர் பெருமக்களும் இக்காப்பிய மரபுக்குள் நின்றே பாடினர். அஃது அவர்தம் குறையன்று. காப்பியம் பாடுவோரிடம் மரபு கேட்ட கப்பம்.

அரபியிலும் இதுவே வழக்கு. பண்டை நெடும்பாடலாகிய கஸீதா, காதலியை நினைந்துருகும் 'நஸீப்' என்னும் பகுதியோடு தொடங்கும். அங்கே பெண்ணுடல் அங்கம் அங்கமாக வருணிக்கப்படும். அஃஷா என்னும் பெருங்கவிஞர் ஹுரைரா என்பவளின் நடையையும் மேனியையும் நுணுகிப் பாடியவர். அவருக்கு வழங்கும் 'அஃஷா' என்ற பெயருக்குப் பொருள் யாது? மாலைக்கண் உடையவன், பார்வை மங்கியவன் என்பதே. அவருடைய குறையே அவருடைய பெயராயிற்று. அப்பெயரோடே அவர் அரபுக் கவிஞரின் முன்வரிசையில் அமர்ந்தார்.

இத்தகைய பெயர்கள் அறிஞர் உலகிலும் உண்டு. ஹிஜ்ரீ 148இல் மறைந்த ஹதீஸ் அறிஞர் அஃமஷ், கண்ணில் நீர் வடிபவர். ஹிஜ்ரீ 117இல் மறைந்த அஃரஜ், கால் ஊனமுற்றவர். இலக்கண ஆசிரியர் அக்ஃபஷ், சிறுகண்ணர். ஒருவரை அடையாளம் காட்டுதற்கு இவ்வாறு குறிப்பிடலாம், இழிவுபடுத்தக் கூறலாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் வரம்பும் வகுத்தனர்.

இனி, பெண்பாற் புலவர் ஒருவரை நோக்குவோம். தம் சகோதரர் ஸக்ருக்காகப் பாடிய இரங்கற்பாக்களால் அழியாப் புகழ் பெற்ற கன்ஸா (ரலி) அவர்களின் இயற்பெயர் துமாளிர். 'கன்ஸா' என்பது மூக்கின் நுனி மேல்நோக்கியவள் எனப் பொருள்படும், மானுக்குரிய அடைமொழி. அதாவது, அது எழிலின் பெயர். ஆணின் குறை அவனுக்குப் பெயராகலாம். பெண்ணுக்கோ அவளுடைய எழிலே பெயராகிறது. இதனை விலக்கில்லாத விதியென நாம் நாட்ட வரவில்லை. மரபு சாய்ந்திருந்த பக்கம் இது என்கின்றோம்.

ஆணின் உருவக் குறை அவனை வருத்தவே இல்லையா? ஹிஜ்ரீ 255இல் மறைந்த பஸ்ரா நகரத்து அறிஞர் ஜாஹிழ் இதற்கு விடையாவார். அப்பெயர் பிதுங்கிய கண்ணுடையவர் எனப் பொருள்படும். கலீஃபா முதவக்கில் தம் மக்களுக்கு ஆசிரியராக்க அவரை அழைத்தாராம். முகத்தைக் கண்டதும் 10,000 திர்ஹம் கொடுத்துத் திருப்பியனுப்பிவிட்டாராம். மோதிரத்தில் ஷைத்தானின் உருவம் பொறிக்க விரும்பிய ஒரு பெண், தட்டானுக்கு மாதிரி காட்ட அவரை அழைத்துச் சென்ற கதையும் உண்டு. அதை அவரே சொன்னதாக வழங்குகிறது. முகத்தால் பதவி இழந்தது துயரமே. ஆனால் எழுதுகோல் என்னும் இன்னொரு வாசல் அவருக்குத் திறந்திருந்தது. தம்மைப் பற்றிய நகைப்பைத் தாமே சொல்லிச் சிரிக்கும் உரிமையும் இருந்தது. அழகற்றவள் எனத் தள்ளப்பட்ட பெண்ணொருத்தி தன் கதையைத் தானே சொல்லிச் சிரித்ததாக நம் ஏடுகளில் காண்பது அரிது. ஆணை நிறுத்தவர்கள் உருவத்தோடு கல்வியையும் கொடையையும் வீரத்தையும் சேர்த்து நிறுத்தனர்; பெண்ணை நிறுத்தவர்கள் உருவத்தையே முதலில் வைத்தனர். பலரது கை அதோடு நின்றுவிட்டது.

திருமறை இவ்விரு தராசுகளையும் ஒருசேர விலக்குகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதைத் தடுத்து, பெண்கள் பெண்களை ஏளனம் செய்வதையும் தனியே எடுத்தோதித் தடுக்கிறது. 'கவ்ம்' என்னும் சொல் பொதுவாக இருபாலாரையும் தழுவக்கூடியதாயினும், பெண்கள் தனியே கூறப்பட்டமையால் இவ்விடத்தில் ஆண்களையே குறிக்கும் என்பர் விரிவுரையாளர். ஆணும் நகைக்கின்றான், பெண்ணும் நகைக்கின்றாள். இருவர்க்கும் தனித்தனியே எச்சரிக்கை.

நபிமொழிகளிலும் இதற்கு இணையான இரு நிகழ்ச்சிகள் உள. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி ஒடிக்க மரமேறியபோது அவர்களின் மெலிந்த கணைக்கால்களைக் கண்டு தோழர்கள் நகைத்தனர். அக்கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையினும் கனமானவை என அண்ணலார் (ஸல்) அறிவித்தார்கள். மற்றொருகால், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக்குறைவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் குறிப்பிட்டபோது, அச்சொல் கடல்நீரில் கலக்குமாயின் கடலையே கெடுத்துவிடும் என்று கண்டித்தார்கள். ஒன்று வெளியில் எழுந்த சிரிப்பு; மற்றொன்று வீட்டினுள் எழுந்த ஒரு சொல். ஒன்று ஆணின் மெலிவைப் பற்றியது; மற்றொன்று பெண்ணின் உயரத்தைப் பற்றியது. இரண்டையும் அண்ணலார் சிறிதென்று விட்டுவிடவில்லை.

இக்கால வாணிபமும் சமத்துவம் பேசுகிறது. அது எத்தகைய சமத்துவம்? பெண்களை நிறத்தால் ஏங்கவைத்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 2005இல், ஆண்களுக்கென 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்தது. 2020இல் முன்னதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கினர்; நிறத்தின்மீதுள்ள மோகம் அச்சொல்லோடு நீங்கிவிடவில்லை. அமெரிக்காவில் 1964இல் தோன்றிய 'ஜி.ஐ. ஜோ' என்னும் போர்வீரன் பொம்மையின் தோளும் புயமும் பின்வந்த ஆண்டுகளில் எவ்வளவு பருத்தன என்பதை ஹாரிசன் போப் முதலிய ஆய்வாளர்கள் 1999இல் அளந்து காட்டினர். தசை திரண்டிருந்தும் தான் மெலிந்தவனே என்று நம்பி வருந்தும் மனநோய்க்கு 1997இல் தனிப்பெயர் இட்டவர்களும் அவர்களே. தசை திரட்ட உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள் உடலின் இயற்கைச் சுரப்பை அடக்கி, விந்தணுவைக் குறைத்து, மகப்பேற்றையே தடுக்கக்கூடும். இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஆண்மையைக் காட்டப் புகுந்தவன் அதன் வேரையே வெட்டிக்கொள்கின்றான்.

உடற்பயிற்சியை நாம் பழிக்கவில்லை. வலிமையுள்ள நம்பிக்கையாளர் மேலானவர் என்பது நபிமொழி. ஆனால் வலிமை வேறு, வலிமையின் தோற்றம் வேறு. உணவை ஒதுக்கி மெலியும் மகளைக் கண்டு தாய் கலங்குகின்றாள். உடற்பயிற்சிக் கூடமே கதியெனக் கிடக்கும் மகனைக் கண்டு குடும்பமே மகிழ்கின்றது. அவன் நோய் ஆரோக்கியத்தின் ஆடையை அணிந்து வருவதால் எவரும் ஐயுறுவதில்லை. ஆணின் துயரத்தில் தனித்தன்மையுடையது இந்த மறைவே.

பெண்ணின் துயரமோ மறைவானதன்று. அதற்கு விலையே குறிக்கப்படுகின்றது. நம் இல்லங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பெண் பார்த்துத் திரும்புவோர் 'மாநிறம்' என்று சொல்லுங்கால் குரலைத் தாழ்த்துகின்றனர். நிறத்தில் கண்ட குறையை நகையாலும் கைக்கூலியாலும் ஈடுசெய்யக் கேட்போரும் உளர். மாப்பிள்ளையின் வழுக்கையையும் குட்டை உருவத்தையும் கண்டு நகைப்போர் உண்டு. அதனால் தட்டிப்போன சம்பந்தங்களும் உண்டு. அவ்விளைஞன் படும் வேதனை பொய்யன்று. ஆயினும் அவன் வழுக்கைக்காக அவன் தந்தை ஒரு பவுன் கூட்டிக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மஹர் கொடுத்து மணக்க வேண்டியவன், மணமகளின் மேனி நிறத்துக்கு அபராதம் வாங்குகின்றான். இரு சுமைகளும் உண்மையே. ஆனால் ஒரே எடையுள்ளவை அல்ல.

எழுதுவோர்க்கும் இதில் பங்குண்டு. நம் கதைகளில் நல்லவள் சிவந்த மேனியளாகவும், தீயவன் கறுத்தவனாகவோ மாறுகண்ணனாகவோ வருவது ஏன்? உருவத்தை எழுதவே கூடாதென்பது நம் கருத்தன்று. ஹிஜ்ரத் பயணத்தின்போது தம் கூடாரத்தில் தங்கிச் சென்ற அண்ணலாரைத் தம் கணவருக்கு வருணித்த உம்மு மஃபத் என்னும் பெண்மணி, முகப்பொலிவையும் கண்ணழகையும் கூறியதோடு, அவர்களின் மௌனத்தில் இருந்த கண்ணியத்தையும் பேச்சில் இருந்த தெளிவையும் சேர்த்தே கூறினார். இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் ஷமாயில் நூலும் அவ்வாறே திருமேனியை மட்டும் கூறி அமையாமல், சிரிப்பு, எளிமை, நாணம் ஆகியவற்றையும் தனித்தனி இயல்களில் தொகுக்கிறது. வருணிக்கப்படுபவரை முழு மனிதராகக் காணும் இம்முறை பெண்ணை எழுதும்போதும் நம் எழுத்தாளர்க்கு ஏற்றதாகும்.

கண்ணாடி பார்க்கையில் ஓதுமாறு நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் துஆவில் இரு சொற்கள் உள்ளன: கல்க், குலுக். முன்னது படைப்பு, பின்னது பண்பு. எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் அதே மூன்றெழுத்துக்கள்தாம். படைப்பை அழகாக்கினாய் என்று நன்றி கூறி, பண்பையும் அழகாக்குமாறு அத்துஆ வேண்டுகிறது. உருவத்தை மாற்றித் தரும்படி அதில் கேட்கவில்லை. மகனுக்கும் மகளுக்கும் அதனை ஒன்றாகவே கற்பிக்கின்றோம். சம்பந்தம் பேசும் நாளிலும் அதன் பொருளை மறவாதிருக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.