கட்டிலருகே நடக்கும் ஆராய்ச்சி

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைப் பார்ப்பது காலையில் சில நிமிஷங்கள். மாலையிலும் வந்தால் இன்னும் சில நிமிஷங்கள். எஞ்சிய பொழுதெல்லாம், நாடியையும் சுரத்தையும் குறித்துக்கொண்டும், வேளை தவறாமல் மருந்து கொடுத்துக்கொண்டும், உறக்கம் வராதவரின் புலம்பலைக் கேட்டுக்கொண்டும் அவர் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ்தான். அப்படியிருந்தும், நோயாளிகளைக் கொண்டு நடத்தப்படும் ஆராய்ச்சிகளில் நர்ஸுக்கு உரிய ஸ்தானம் எது என்ற கேள்வியை வைத்திய உலகம் வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. இன்று வார்டு நர்ஸுகளையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற அபிப்பிராயம் வலுத்துவருகிறது. அதை வரவேற்குமுன், எவ்விதமான சேர்க்கை என்று கேட்டாக வேண்டும்; ஏனெனில் கேள்வியை எழுப்புவதில் பங்கு கொடுப்பது வேறு, பிறர் எழுப்பிய கேள்விக்கு விடை குறித்துக்கொடுக்கும் வேலையை மட்டும் தலையில் கட்டுவது வேறு.

முதல் வகைக்குச் சிறந்த உதாரணம் இங்கிலாந்தைச் சேர்ந்த டொரீன் நார்ட்டன் என்ற நர்ஸ். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களுக்கு இடுப்பிலும் குதிகாலிலும் புண் கண்டால், அதை நர்ஸின் அலட்சியம் என்று கண்டிப்பதும், தோலில் எதையாவது பூசித் தேய்ப்பதுமே நெடுங்கால வழக்கமாயிருந்தது. எந்த நோயாளிக்குப் புண் வரும், எவருக்கு வராது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று நார்ட்டன் கேட்டார். முதியோர் மருத்துவ நிபுணர் எக்ஸ்டன்-ஸ்மித்தும் மெக்லாரனும் துணைநிற்க அவர் 1962-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஓர் அளவுகோல் பிறந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைவு, மலஜலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் தலா 4 வரை மதிப்பெண், மொத்தம் 20, 14-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால் ஆபத்து. பூச்சுக்களைக் காட்டிலும், நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே காக்கும் என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. படுக்கையை மாற்றி, உடம்பைத் துடைத்து, சிவந்த தோலைத் தினமும் கண்ணால் காண்பவருக்கே இப்படியொரு கேள்வி முதலில் தோன்றும்.

இரண்டாம் வகைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த இன்சுலின் பரிசோதனைகளைப் பார்க்கலாம். பெல்ஜியத்தின் லூவன் நகரில் கிரீட் வான் டென் பெர்கும் அவர் குழுவினரும், ரத்தச் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையில் கண்டிப்பாக நிறுத்தியதால், அப்பிரிவில் மரணம் நூற்றுக்கு 8.0-இலிருந்து 4.6-ஆகக் குறைந்தது என்று 2001-இல் அறிவித்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2009-இல் வெளியான நைஸ்-ஷுகர் ஆய்விலோ முடிவு தலைகீழாயிற்று: கண்டிப்பான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்களில் 90 நாளுக்குள் நூற்றுக்கு 27.5 பேரும், 180 வரை அனுமதிக்கப்பட்டவர்களில் 24.9 பேரும் இறந்தார்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதும் முதல் பிரிவினரிடமே மிகுதி. இந்த முரண்பாட்டுக்கு உணவூட்டிய முறை, சோதனைக் கருவியின் நுட்பம் என்று பல காரணங்கள் கூறப்பட்டன. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நள்ளிரவிலும் ரத்தம் எடுத்துச் சோதித்து, அட்டவணையைப் பார்த்து, பம்பின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்த நர்ஸின் கைதான் அங்கே சிகிச்சையாக இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்கும் இடத்தில் கண்ட பலனை, ஒரே நர்ஸ் பலரைக் கவனிக்கும் இடத்தில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. இதை முதலிலேயே எடுத்துச் சொல்லத் தகுதியுடையவர்கள் நர்ஸுகளே. ஆகவே திட்டம் வகுக்கும்போதே அவர்கள் உடனிருப்பது மரியாதையின் பொருட்டு மட்டுமன்று, ஆராய்ச்சியின் உண்மையின் பொருட்டும் அவசியம்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். ஆராய்ச்சிப் படிவம் வந்ததென்பதற்காக வார்டின் பழைய வேலை எதுவும் குறைவதில்லை. இரவெல்லாம் ஓடியாடியவர், டியூட்டி மாற்றிக்கொடுக்குமுன் அவசர அவசரமாக உட்கார்ந்து, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் ஆன கட்டங்களை ஒரே பேனாவால் ஒரே வேகத்தில் நிரப்ப நேர்ந்தால், அந்த எண்களின் மேல் எத்தனை பெரிய கணிதம் கட்டினாலும் அஸ்திவாரம் மணல்தான். மேலும், இன்சுலின் போன்ற பரிசோதனைகளில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நர்ஸுக்குத் தெரிந்தே இருக்கும். தெரிந்த பின், ஒரு பிரிவாரைக் கூடுதல் கவலையோடு பார்க்கத் தூண்டும் பரிவு, மனிதத்தன்மைக்கு அழகானாலும் பரிசோதனைக்குக் கோணல்.

சம்மதம் பற்றிய சங்கடம் இதனினும் நுட்பமானது. தம்மைச் சார்ந்திருக்கும் நோயாளியிடம் டாக்டரே சம்மதம் கேளாமல், அச்சார்புக்கு வெளியே நிற்கும் தக்கவர் கேட்க வேண்டும் என்று, மனிதரைக் கொண்டு நடத்தும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறி வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் கூறுகிறது. நர்ஸின் விஷயத்தில் இந்த நியாயம் இன்னும் பலமாகவே பொருந்தும். இரவில் தண்ணீர் கொடுத்தவர் காலையில் காகிதத்தை நீட்டினால், "நீங்க சொன்னா சரிங்கம்மா" என்று கையெழுத்துப் போடாதவர் எத்தனை பேர்? சம்மதம் பெற்ற பின்னும் இந்தச் சங்கடம் தொடரும். சென்னையில் 1950-களின் பிற்பகுதியில், காச நோயை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய பரிசோதனையில், ஹெல்த் விசிட்டர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிஞ்சிய மருந்தை எண்ணியும், சிறுநீர் வாங்கிச் சோதனைக்கு அனுப்பியும் வந்தார்கள். அந்தச் சிரத்தை இல்லையேல் அம்முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆயினும் பராமரிக்க வந்தவரே கண்காணிக்கவும் வந்தவர் என்ற இரட்டை நிலை அதில் இருந்ததை மறுப்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், நர்ஸை விலக்குவதால் ஆராய்ச்சி குருடாகிறது, விலையின்றிச் சேர்த்துக்கொள்வதால் பொய்யாகிறது என்றே முடிவுகட்ட வேண்டியிருக்கிறது. மருந்துக்கும் ரத்தச் சோதனைக்கும் பணம் ஒதுக்கும் திட்டம், நர்ஸ் செலவிடும் மணிகளுக்கும் ஒதுக்க வேண்டும். அந்த மணிகளில் அவருடைய நோயாளிகளைக் கவனிக்க வேறொருவரை அமர்த்த வேண்டும். சம்மதத்தை அந்த வார்டில் பணி செய்யாத ஒருவர் பெற வேண்டும். கேள்வியை வகுத்ததில் பங்கு கொண்ட நர்ஸின் பெயர், வெளியாகும் கட்டுரையில் ஆசிரியர் வரிசையிலேயே வர வேண்டும். இவ்வளவுக்கும் வசதியில்லாத வார்டில் பரிசோதனையைத் தொடங்காமலிருப்பதே மேல். ஏனெனில் ஓய்ந்த கை குறித்த தவறான எண், அந்த வார்டோடு நில்லாமல், பிற்பாடு சிகிச்சை விதியாக மாறி, எங்கோ இருக்கும் நோயாளியின் உடம்பில் பிரயோகிக்கப்படுகிறது.