எரிந்தும் எரியாத தெய்வம்: மலையகக் காமன் கூத்து பற்றிய ஒரு நோக்கு

தமிழ்ச் சமய மரபில் 'இட்டதெய்வம்' என்றொரு வழக்கு உண்டு. பல தெய்வங்களை ஏற்றுக்கொண்ட ஒருவர் அவற்றுள் ஒன்றைத் தம் உள்ளத்துக்கு அணுக்கமாகக் கொள்வதையே அது குறிக்கும். ஒரு தெய்வம் பெரியது என்பதும் அது விருப்பத்துக்குரியது என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை இச்சொல் உணர்த்துகின்றது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, மனிதர் வேடமேற்று நுழையும் கற்பனை உலகுகளில் எத்தகைய தெய்வம் விருப்பத்துக்குரியதாகின்றது என்று வினவுமிடத்து, விடை தேடத்தக்க களங்களுள் ஒன்றாக நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் காமன் கூத்து அமைகின்றது.

இவ்வினாவை இன்று உலகின் வேறொரு மூலையிலும் எழுப்புகின்றனர். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு வெளியாயிற்று. மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். பகடையில் விழும் எண்ணுக்கேற்பக் கதை திரும்பும். அவ்வுலகில் பூசகராக வேடமேற்பவர் தமக்கொரு தெய்வத்தைத் தேர்ந்துகொள்வது வழக்கம். இத்தேர்வுக்குத் துணையாக 1980இல் வெளியான தொகுப்பு நூலில் கிரேக்க, எகிப்தியத் தெய்வங்களோடு இந்திரன், அக்கினி, யமன், காளி ஆகியோரும் இடம்பெற்றனர். ஒவ்வொரு தெய்வமும் எவ்வளவு அடியைத் தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளும் அதில் கொடுக்கப்பட்டிருந்தன. எண்ணிடப்பட்டது எதுவும் குறையத்தக்கது. எனவே தெய்வத்தையே எதிர்த்துக் கொல்லுதலும் ஆட்டக்காரரின் இலக்காகலாம் என்ற நிலை தோன்றிற்று. விளையாட்டு என்ற வகையில் இதில் பழுதில்லை. ஆயினும் தெய்வத்தை ஆற்றலால் அளக்கும் நோக்கின் எல்லை இதிலிருந்து புலனாகின்றது. அங்குத் தெய்வத்தின் சாவு ஆட்டக்காரரின் வெற்றி. காமன் கூத்திலோ தெய்வத்தின் சாவு ஓர் ஊரின் துக்கம்.

அவ்வூர் எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் நோக்குதல் பொருந்தும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கையைத் தொடங்கியதன் பின்னர் வளர்ந்த தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் வழியாக மக்கள் வந்து சேர்ந்தனர். மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் மாடசாமியும் அவர்களுடனேயே வந்தனர். இதனைக் கொண்டு மலையக வழிபாடு முழுவதையும் தமிழகக் கிராமியத்தின் எச்சம் என்று கூறி அமைவோர் உளர். அக்கூற்று பாதி உண்மையே. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரமாகிய 'ரோதை'யைச் சார்ந்து ரோதமுனி என்றொரு தெய்வமும், செடிகளை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்து வேலையைச் சார்ந்து கவ்வாத்துச்சாமி என்றொரு தெய்வமும் மலையகத்தில் வணங்கப்பட்டன. இவற்றுக்குத் தலபுராணம் இல்லை. கையை நசுக்கவல்ல இயந்திரமும் காலில் பாயவல்ல கத்தியுமே இவற்றின் பிறப்பிடங்கள். அறியாத மலையில் தமக்கென ஓர் உலகை அமைத்துக்கொண்ட மக்கள், அவ்வுலகின் ஆபத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலைப் படைத்தனர். இது எச்சமன்று, ஆக்கம்.

காவல் தெய்வங்கள் அச்சத்தின்பால் எழுந்தவை. விருப்பத்தின்பால் எழுந்த தெய்வம் எது என்று தேடும்போதுதான் காமன் கூத்து முதன்மை பெறுகின்றது. மாசி மாத அமாவாசை கழிந்த மூன்றாம் நாளில் காமன் பொட்டல் எனப்படும் திடலில் காமன் கம்பம் நடப்படும். பகலில் மலையேறிக் கொழுந்து பறித்தோரும் கவ்வாத்து வெட்டியோரும் இரவில் அங்குக் கூடுவர். தப்பின் ஒலி லயங்களை அழைக்கும். ரதியாகவும் மன்மதனாகவும் வேடமேற்போர் விரதம் காப்பர். நிறைவிரவில் ரதி மன்மதன் திருமணம் முதல் தகனம் வரை கதை நிகழும். வீரபத்திரனும் எமனும் காளியும் ஆவேசத்தோடு வருவர். குறவன் குறத்தியும் கோமாளியும் இடையிடையே சிரிப்பூட்டுவர். தகனத்தின் பின் ரதி புலம்புவாள். இறுதியில் உயிர் எழுப்புதல் நிகழும். ஏறத்தாழ இரு வாரங்கள் ஊர் முழுவதும் இக்கதைக்குள் வாழ்கின்றது எனலாம்.

இக்கதை மலையகத்துக்குப் புதியதன்று. காளிதாசரின் குமாரசம்பவத்தில் காமனின் தகனமும் ரதியின் புலம்பலும் உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் உண்டு. மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கை, சிவன் காமனை எரித்த தலமாக அட்ட வீரட்டானங்களுள் வைத்துப் போற்றப்படுகின்றது. 'வீரட்டானம்' என்னும் பெயரே புராண நோக்கு எங்கு நிற்கின்றது என்பதைக் காட்டிவிடும். அங்கு நிகழ்ந்தது சிவனின் வீரச்செயல். காமன் அதற்கு இலக்கானவன். காமன் கூத்து கதையை மாற்றவில்லை. கதையின் பாரத்தை இடம் மாற்றுகின்றது. நெற்றிக்கண் திறப்பது ஒரு கணத்தில் முடிகின்றது. போகாதே என்று ரதி தடுத்துரைப்பதும், போனவனை எண்ணி அவள் புலம்புவதும் நீள்கின்றன. வெற்றியை ஒரு நொடிக்குள் அடக்கி, இழப்பை இரவு முழுவதும் விரித்துக் காட்டும் இவ்வமைப்பே கூத்தின் விமரிசன நோக்காகும்.

மன்மதன் தன் விருப்பினால் சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சூரனை அழிக்க ஒரு மைந்தன் வேண்டும். அதற்குச் சிவனின் மோனம் கலைய வேண்டும். அதற்கு ஒருவன் போக வேண்டும். தேவர்கள் அனுப்புகின்றனர், அவன் போகின்றான், எரிகின்றான். பயன் பிறருக்குச் சேர, தண்டனை ஏவலை நிறைவேற்றியவனைச் சேர்கின்றது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, அன்றைய வேலையைப் பிறர் வகுத்துரைக்கக் கேட்டு மலையேறிய மக்களுக்கு இந்நியாயம் விளக்கம் வேண்டாத ஒன்று. எனினும், 'மன்மதனே தொழிலாளி, சிவனே துரை' என்று இதனை எளிய உருவகமாக்குவது பொருந்தாது. அதே மக்கள் சிவனையும் வணங்குகின்றனர். கூத்தில் ரதிக்கு வரமளிப்பவனும் அவனே. துரையின் அதிகாரத்தைச் சாடுவது இக்கூத்தின் வெளிப்படையான நோக்கமன்று. அதிகாரத்தின் பாதையில் எரிந்துபோனவனுக்காக அழும் உரிமையை அது நிலைநாட்டுகின்றது. அதற்கு மேலாக அதனிடம் ஒரு கொள்கையைத் திணிப்பது விமரிசகரின் அவசரமேயாகும்.

தமிழகத்து லாவணி மரபில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவுகள் உண்டு. காமன் எரிந்தான் என ஒரு சாராரும், எரியவில்லை என மறுசாராரும் பாடி வாதிடுவர். இவ்வாதம் தீராதிருப்பதற்குக் கதையிலேயே காரணம் உண்டு. உயிர்பெற்ற மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான். ஏனையோருக்கு அவன் உருவற்ற அனங்கன். இழந்தவளுக்கு அவன் இருக்கின்றான். உலகுக்கு அவன் இல்லை. மலையகத்தார் இக்கதையை நினைந்து நிற்பதற்கு அவர்தம் வரலாறும் துணைசெய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உறவுகள் கடலுக்கு இருபுறமும் பிரிந்தன. கண்முன் வாழ்ந்தும் சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகாதிருந்த மக்களின் செவியில், அனங்கனின் கதை ஏட்டிலுள்ள கதையாக மட்டும் ஒலித்திருக்க முடியாது.

கூத்தின் குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. அதன் உயிர்நாடி ரதியின் குரல். ஆயினும் மரபில் ரதியாக வேடமேற்பவர் ஆணே. கொழுந்துக்கூடையின் பாரம் முழுவதையும் தாங்கிய பெண், தன் துயரை ஆண் குரலிற் கேட்டுக் கண்ணீர் விடுபவளாகவே அமைந்தாள். பெண்ணின் இழப்பை நடுவே வைத்த கலை, அவளை வட்டத்துக்கு வெளியே நிறுத்திய முரண் நெடுங்காலம் வினவப்படாது போயிற்று. ரதியின் புலம்பலைப் பெண்ணே பாடின் அதன் பொருள் எவ்வாறு ஆழப்படும் என்பது கலைஞர் சிந்திக்கவேண்டிய வினாவாகும்.

காமன் கூத்து விழா மேடைகளிற் குறுகிய நிகழ்ச்சியாக இடம்பெறும்போது பிறிதொரு வினா எழுகின்றது. மேடைக்கென ஒரு மணி நேரத்துக்குள் சுருக்குவோர் இயல்பாகவே தகனத்தை வைத்துக்கொள்வர். தீயும் தப்பும் ஆவேசமும் கண்ணைக் கவர்வன. வெட்டுண்டு போகக்கூடியவை கம்பம் நடும் நாளும், விரதமும், விடியும்வரை நீளும் புலம்பலும், உயிர் எழுப்புதலுமே. அவ்வாறு வெட்டப்படின் எஞ்சுவது வென்ற தெய்வத்தின் கதை; தோற்ற தெய்வம் மீள்வதில்லை. அப்பொழுது கூத்து, அறியாமலே, ஆற்றலை மட்டும் அளக்கும் நோக்குக்குத் திரும்பிவிடுகின்றது. மேடையேற்றம் வேண்டாமென்பது இதன் பொருளன்று. எதனைச் சுருக்கினும் உயிர் எழுப்புதலைச் சுருக்கலாகாது என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

கற்பனை உலகொன்றை அமைப்போர் தம் தெய்வங்களுக்கு வலிமையையும் படைக்கலங்களையும் எளிதில் வழங்கிவிடலாம். மன்மதனிடம் இருந்தவை ஒரு கரும்பு வில்லும் ஐந்து மலர்க்கணைகளுமே. அவையும் அவனோடு எரிந்தன. ஆயினும் மாசிப் பிறை தோன்றியதும் மலைச்சரிவின் லயங்களிலிருந்து மக்கள் இறங்கிவந்து, அவனுக்காகவே கம்பம் நட்டனர்.