ஐவ்ஸின் இரண்டாஞ் சிம்பொனியும் இசைத்தட்டுக்களும்

அமெரிக்க நாட்டுச் சிம்பொனி ஆசிரியருள் சாள்ஸ் ஐவ்ஸ் (1874–1954) போன்று தம் படைப்புக்களைத் தாமே கேளாது காலங்கழித்தவர் வேறொருவரைக் காண்டல் அரிது. கொனெற்றிகற் மாநிலத்து டன்பரி நகரிற் பிறந்த இவர், உள்நாட்டுப் போரிலே படையிசைக் குழுவொன்றை நடத்திய தந்தையாரிடம் இசையின் முதற் பாடங்களைக் கற்றார்; பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் ஹொறேஷியோ பாக்கரிடம் பயின்றார். ஆயினும் இசையை நம்பி வாழாது காப்புறுதி வணிகத்தையே சீவனோபாயமாகக் கொண்டார். இருபதாம் நூற்றாண்டு பிறக்குங் காலத்தையொட்டி அவர் இயற்றிய இரண்டாஞ் சிம்பொனி 1951ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதியே முதன்முறையாக அரங்கேறிற்று. மூன்றாவது அதற்கு முந்திக்கொண்டு 1946இல் அரங்கேறி, அடுத்த ஆண்டிற் புலிற்சர் பரிசும் பெற்றது.

இங்ஙனம் நெடுங்காலம் ஏட்டளவிற் கிடந்த இசைக்கு இசைத்தட்டே பெரும்பாலார்க்கு மூலபாடமாயிற்று. பீதோவனின் சிம்பொனியொன்றை ஒருவர் பிழைபட இயக்கினால், அதனைத் திருத்திக்கொள்ள வேறு நூறு பதிவுகள் உள. ஐவ்ஸின் கேட்போருக்கோ பன்னெடுங்காலம் அவ்வசதி இல்லை. எனவே இப்பதிவுகளை மதிப்பிடுவோர் பல்லியத்தாரின் வன்மையை மட்டும் நோக்கினாற் போதாது. பாடத்தின் உண்மையையும் நோக்குதல் வேண்டும்.

இரண்டாஞ் சிம்பொனி ஐந்து பகுதிகளையுடையது. தேவாலயப் பாடல், ஸ்ரீபன் பொஸ்ரரின் மெட்டு, நாட்டுப்புற ஆடலிசை, பாக், பிறாம்ஸ் ஆகியோரின் சாயல் என்பனவெல்லாம் அதிற் பக்கம் பக்கமாக வந்து கலக்கின்றன. இது வெறும் ஒட்டுவேலை என்று கூறுவார் கூற்றுப் பொருந்தாது. ஜேர்மானிய மரபிற் பயின்ற ஒருவர், தம் ஊர்த் தெருவிற் கேட்ட இசைக்கும் அம்மரபில் இடமுண்டு என்று வழக்காடும் நூல் இது. இறுதிப் பகுதியில் நாட்டுப்பற்றுப் பாடலொன்று முழங்க, படைவீரரைத் துயிலெழுப்பும் ஊதுகுழலோசை குறுக்கிட, பன்னிரு சுரங்களுட் பதினொன்றை ஒருங்கே திரட்டிய ஒவ்வாச் சுரக்கூட்டுடன் யாவும் முடிகின்றன. நாட்டுப்புற ஆடல் முடிந்தமையைக் காட்ட வாத்தியக்காரர் தத்தமக்குத் தோன்றிய சுரத்தை ஒருமித்து ஒலிக்கும் வழக்கமே இதற்கு முன்மாதிரி என ஐவ்ஸ் விளக்கியதாகச் சொல்லப்படுகின்றது. அஃதாவது, இது ஒரு குறும்பு; குறும்பிற்குக் குறுமையே அழகு.

முதல் அரங்கேற்றத்தை நடத்திய லெனாட் பேர்ண்ஸ்ரைன் 1958இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் பல்லியத்தைக் கொண்டு கொலம்பியா நிறுவனத்துக்காக இதனைப் பதிவு செய்தார். இப்பதிவின் உயிர்த்துடிப்பை மறுப்பார் எவருமிலர். பித்தளைக் குழல்கள் திருவிழாவிற் போலக் களித்து முழங்குகின்றன. ஐவ்ஸின் பெயரை உலகறியச் செய்ததிலே இத்தட்டின் பங்கு பெரிது. ஆனால் இறுதிப் பகுதியில் ஓரிடம் வெட்டப்பட்டுள்ளது. குறுகிய அளவிற்கேயுரிய கடைசிச் சுரக்கூட்டோ நெடிதாக நீட்டப்பட்டுள்ளது. மெல்லெனக் கண்சிமிட்டவேண்டிய இடத்திற் பேர்ண்ஸ்ரைன் வாய்விட்டுச் சிரிக்கின்றார். அந்நீட்டல் மிக இன்பமாயிருத்தலினாலேயே அதன் தீங்கு பெரிதாயிற்று: பல்லாண்டு காலம் கேட்டோர் அதனையே ஐவ்ஸின் எண்ணமென நம்பினர்.

ஆசிரியர் இதனை ஏற்றாரோ என வினவலாம். அவர் அரங்கிற்குச் சென்றாரல்லர், வானொலியிற் கேட்டார். கேட்டு மகிழ்ந்து ஆடினார் என்பது ஒரு கதை; அடுப்பங்கரையிற் காறியுமிழ்ந்துவிட்டு எழுந்து சென்றார் என்பது மற்றொரு கதை. இரு திறத்தாரும் தத்தமக்கு வேண்டிய கதையை எடுத்துக்கொள்கின்றனர். இவற்றைச் சான்றாகக் கொண்டு வழக்குத் தீர்த்தல் இயலாது. ஏட்டையே நோக்குதல் வேண்டும். 1951இல் அச்சான பதிப்போ பிழை மலிந்தது.

திருத்திய பாடத்தை முதலிற் கேட்கச் செய்தவர் மைக்கல் ரில்சன் தோமஸ். 1981இல் அம்ஸ்ரர்டாம் கொன்செற்கெபௌ பல்லியத்துடன் அவர் செய்த பதிவில் வெட்டுமில்லை, நீட்டலுமில்லை. நரம்பிசையின் தெளிவால் உள்ளிழைகள் தனித்தனியே கேட்கின்றன; பிறாம்ஸின் நிழல் இத்துணை ஆழமாக இந்நூலில் விழுந்திருத்தல் இப்பதிவிலேதான் வெளிப்படுகின்றது. 2000ஆம் ஆண்டில் ஜொனதன் எல்கஸின் ஆய்வுப் பதிப்பைக் கென்னத் ஷெர்மர்ஹோண் நாஷ்வில் பல்லியத்துடன் நக்சோஸ் இறுவட்டில் தந்தார். முதல்தரப் புகழ் பெறாத பல்லியமாயினும் இது நேர்மையான வாசிப்பு. பாடத்தைக் கற்பார்க்கு இதுவே தக்கது. களிப்பை நாடுவார் இன்னும் பேர்ண்ஸ்ரைனிடமே செல்வர், அது குற்றமுமன்று.

நான்காஞ் சிம்பொனியின் இடர் வேறு வகையினது. 1965ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி லியோபோல்ட் ஸ்ரொக்கோவ்ஸ்கி அதனை முழுமையாக முதன்முதல் அரங்கேற்றியபோது, ஒரே வேளையிற் பல்வேறு கதிகள் ஓடும் பகுதிகளுக்காகத் துணை இயக்குநர் இருவர் வேண்டியிருந்தனர். அவருள் ஒருவரான ஹொசே செரெப்ரியர் 1974இல் இலண்டன் பில்ஹார்மொனிக் பல்லியத்துடன் தனியொருவராய் நின்றே அதனைப் பதிவு செய்தமை வியப்பிற்குரியது. ஆயினும் ஐவ்ஸ் தொலைவில் நிறுத்திய நரம்பிசையும் யாழொலியும் எப்பதிவிலும் இரண்டு ஒலிபெருக்கிகளின் இடையே வந்து ஒடுங்குகின்றன. அரங்கில் அவை எங்கோ அப்பாலிருந்து எழுவன. தட்டில் மெல்லிய ஓசையாக மட்டுமே நிற்பன.