பிஸ்கட்டும் ஏஸும்: 'ரவுண்டர்ஸ்' படத்தை முன்வைத்து

ஜான் டால் இயக்கிய 'ரவுண்டர்ஸ்' (1998) பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் பிஸ்கட்டிடம் போய் நின்றுவிடுகிறார்கள். நியூயார்க்கின் திருட்டுச் சூதாட்டக் கூடம். டெடி கேஜிபி (ஜான் மால்கோவிச்) ஓரியோவைக் காதருகே பிளந்து வாயில் போட்டால் கையில் பலமான சீட்டு என்று அர்த்தம். மைக் (மேட் டேமன்) அதைக் கவனித்து, நல்ல சீட்டையே கீழே போட்டுத் தப்பிக்கிறான். என்னைக் கேட்டால் படத்தின் மலிவான காட்சி அதுதான். எதிராளியின் கையை வாசிப்பது மர்மத்தைக் கண்டுபிடிப்பதுபோல ஆகிவிடுகிறது. ஒரு துப்பு, ஒரு விடை, அவ்வளவுதான்.

போக்கரில் வாசிப்பு அப்படி இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவில், ஐந்து சீட்டு பொதுவாக மேசையில். 'நோ லிமிட்' என்றால் முன்னால் இருக்கும் மொத்தப் பணத்தையும் எந்த நொடியிலும் தள்ளலாம். எதிராளி இப்படிப் பந்தயம் கட்டியிருந்தால் அவனிடம் என்னென்ன இருக்கக்கூடும் என்று ஒரு கூட்டத்தையே மனதில் வைத்து, சுற்றுக்குச் சுற்று அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசிவரை ஒரே விடை கிடைக்காது.

இதை நேர்மையாகக் காட்டுவது படத்தின் தொடக்கத் தோல்விதான். மைக்கிடம் ஏஸும் ஒன்பதும். மேசையில் ஏஸ், இரண்டு ஒன்பது, எட்டு, மூன்று. டெடியிடம் ஏஸும் எட்டும் இருக்க 6 வழி, இரண்டு எட்டு இருக்க 3 வழி. இவை எல்லாவற்றையும் மைக் வெல்வான். அவனைத் தோற்கடிப்பது மிச்சமுள்ள இரண்டு ஏஸும் சேர்ந்து டெடியிடம் இருப்பது மட்டும். அதற்கு ஒரே ஒரு வழி. அந்த ஒன்றுதான் வருகிறது, முப்பதாயிரம் டாலர் போகிறது. படம் இதை மைக்கின் வீழ்ச்சியாகச் சொல்கிறது. வாசிப்பில் பிழையே இல்லையே! கையிருப்பு மொத்தத்தையும் ஒரே மேசைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான் பாருங்கள், கோளாறு அங்கே.

இறுதி ஆட்டத்தில் மைக்குக்கு முதல் மூன்று சீட்டிலேயே 'ஸ்ட்ரெயிட்' அமைந்துவிடுகிறது. அவன் பந்தயம் கட்டாமல் பம்முகிறான். 1988 உலகத் தொடர் இறுதியில் ஜானி சான் எரிக் சைடலுக்கு வைத்த அதே பொறி. அந்தப் பதிவை மைக் பார்ப்பதைப் படமே காட்டுகிறது. கடைசியாக ஏஸ் விழுகிறது. இந்த ஏஸ் மைக்குக்கு உதவியிருக்காது என்று கணித்து டெடி மொத்தத்தையும் தள்ளுகிறான். கணிப்பு சரி. ஏஸ் உதவவில்லைதான். மைக்குக்கு அது தேவைப்படவே இல்லை. கடைசி வரியைச் சரியாகப் படித்தவன் முதல் வரியைத் தப்பாகப் படித்திருக்கிறான்.

பிஸ்கட்டுக்கு அத்தனை நெருக்கக் காட்சி வைத்த கேமரா, டெடிக்கு அது உறைக்கிற முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.