காற்றைக் கழற்றிச் சுருளை மாட்டுவோர்

பேராக்கின் செமோர் வட்டாரப் பட்டறைகளில் ஒரு தீர்ப்பு நெடுநாளாக நிலைத்திருக்கிறது: காற்றுப் பை சொகுசுக்கு, சுருள் ஸ்பிரிங் காட்டுக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேண்ட் ரோவர் டிஸ்கவரியோ ரேஞ்ச் ரோவரோ ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து நின்றால் போதும். "பேசாம கழற்றிப் போட்டுட்டு ஸ்பிரிங் மாட்டிருங்கண்ணே" என்று பக்கத்தில் நிற்பவர்கூட ஆலோசனை சொல்வார். இந்தத் தீர்ப்பில் பாதி சரி. மீதிப் பாதி காற்றின் தலையில் கட்டிய வீண்பழி.

வீண்பழி என்பதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா பேருந்து முனையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே வந்து போகும் விரைவுப் பேருந்துகள் பலவும் காற்றுப் பையின் மேல்தான் ஓடுகின்றன. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் நாற்பது பேரையும் அவர்கள் மூட்டைகளையும் சுமக்கும் வண்டிக்குப் பொருந்துவது, வார இறுதியில் சேற்றில் இறங்கும் வண்டிக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் பேருந்துகளுக்கு இதைச் செய்து கொடுக்கின்றன. அங்கெல்லாம் இது ஆடம்பரமாகக் கருதப்படுவதில்லை.

வேறுபாடு பையில் இல்லை, பைக்குக் காற்று ஊட்டும் முறையில் இருக்கிறது. பேருந்தில் பிரேக்குக்காக இன்ஜினே சுழற்றும் பெரிய கம்ப்ரஸர் எப்படியும் இருக்கும். அச்சோடு இணைந்த ஒரு நெம்புகோல், உடல் தாழ்ந்தால் வால்வைத் திறக்கும், உயர்ந்தால் காற்றை வெளியே விடும். கணினி தேவையில்லை. சொகுசு ஜீப்பிலோ மின்சாரத்தில் ஓடும் சிறிய கம்ப்ரஸர்தான். அது கொஞ்ச நேரம் ஓடி, ஆறி, மறுபடி ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. அதற்கு மேல் நான்கு உயர உணரிகள், வால்வுத் தொகுதி, எல்லாவற்றையும் ஆளும் ஒரு கணினி. பையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் காற்று மெல்லக் கசியும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி ஈடுகட்டப் பார்த்துக் கடைசியில் தானும் தீய்ந்துபோகும். பையை மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றுகிறவர் சில மாதத்தில் திரும்பி வந்து, "காத்து நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒத்துவராததற்கு ஊரும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. கம்ப்ரஸர் இழுக்கும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு குப்பியில் உலர்த்தி மணிகள் இருக்கும். பேராக்கின் புழுக்கத்தில் அவை விரைவில் நிறைந்துவிடுகின்றன. பிறகு ஈரம் வால்வுக்குள் போய்த் துருவாகிறது. காந்தான் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் பகுதியில் நாளும் ஓடும் வண்டி என்றால் காற்றோடு தூசியும் சேர்ந்து போகும். பையின் உடலோ ரப்பரும் நூலிழையும்தான். வெயில், ஓசோன், மடிப்பில் சிக்கிய மணல் எல்லாம் சேர்ந்து அதை வெடிக்க வைக்கும். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களுக்கு நடுவே ரப்பர் கெட்டுப்போவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. செம்பனைப் பாதையின் சேறு காய்ந்தால் உப்புத்தாள்போல் ஆகிவிடும். பை உருளும்போது அது மடிப்பை அராவிக்கொண்டே இருக்கும்.

இனி காற்றின் பக்கத்து நியாயம். சாதாரணச் சுருள் ஸ்பிரிங்குக்கு ஒரே விறைப்புதான். பின்சக்கரத்தில் 3.5 கிலோவுக்கு 1 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 300 கிலோ ஏற்றினால் சக்கரத்துக்கு 150 கிலோ. வண்டி 4 சென்டிமீட்டருக்கு மேல் உட்கார்ந்துவிடும். வால் தாழ்ந்து விளக்கு வானத்தைப் பார்க்கும். பள்ளத்தில் அமுங்குவதற்கு இடமும் மிஞ்சாது. விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால் சுமையோடு நிமிர்ந்து ஓடும், சுமை இறங்கியதும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். காற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சுமை கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடும், உடல் பழைய உயரத்திலேயே நிற்கும்.

உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இன்னொன்று. 2004இல் வந்த டிஸ்கவரி 3, காட்டு நிலைக்குப் போனால் சுமார் 55 மில்லிமீட்டர் எழும்பும், வயிற்றுக்கடியில் 185 ஆக இருந்த இடைவெளி 240 மில்லிமீட்டர் ஆகும். ஏறி இறங்கத் தாழ்ந்தும் கொடுக்கும். நெடுஞ்சாலையில் தாழ்ந்து, காட்டில் உயர்ந்து நிற்பது எந்தச் சுருளாலும் முடியாது. ஆனால் விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. எழும்பிய நிலையில் சக்கரம் கீழே தொங்குவதற்கு மிச்சம் இருக்கும் தூரம் குறைந்துவிடும். அதனால் குறுக்குப் பள்ளத்தில் ஒரு சக்கரம் எளிதில் தரையை விட்டுக் கிளம்பும். இதைச் சமாளிக்க இடப்பை, வலப்பை இரண்டையும் வால்வால் இணைத்து, ஒன்று அமுங்கினால் மற்றது தொங்கும்படி செய்தார்கள். நல்ல தீர்வுதான். ஆனால் அதையும் வால்வும் கணினியும்தான் நடத்தியாக வேண்டும்.

சுருளும் காலத்துக்கும் உரிய காட்டு மரபு ஒன்றும் இல்லை. 1948இல் பிறந்த லேண்ட் ரோவர் பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஓடியது. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் முதுமை வரை உழைத்த அந்தப் பழைய வண்டிகளும் பட்டைதான். 1970இல் ரேஞ்ச் ரோவர் சுருளைக் கொண்டுவந்தபோது சக்கரம் மேலும் கீழும் நெடுந்தூரம் போய் வர முடிந்தது. அந்தத் தொங்கும் தூரம்தான் சுருளின் உண்மையான பெருமை. அதே ரேஞ்ச் ரோவரின் நீண்ட சட்டக வகை 1992இல் காற்றுக்கு மாறியது. 1994இல் வந்த அடுத்த தலைமுறை முழுவதும் காற்றுதான். ரேஞ்ச் ரோவரில் சுருள் வென்று நின்ற காலம் இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல், அவ்வளவே.

இந்த நிலையில் காற்றைக் கழற்றிச் சுருள் மாட்டும் வழக்கத்தை எப்படி மதிப்பிடுவது? அது குறுக்குவழி என்று ஏளனம் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். சில சந்தைகளில் டிஸ்கவரி 3இன் அடிப்படை வகையைத் தயாரிப்பாளரே சுருளோடுதான் விற்றார். வண்டிக்கு வயதாகி, உதிரிப்பாகம் வெளியிலிருந்து வர வேண்டிய நிலையில், சுருளுக்குப் போவது நியாயமான முடிவு. சுங்கை சிப்புட்டைத் தாண்டி லாசா வழியாகத் தெமியார் பழங்குடி மக்களின் போஸ் குவாலா மூ போன்ற குடியிருப்புகளுக்குப் போகும் பாதையில் பையிலிருந்து காற்று இறங்கிவிட்டால், உடல் ரப்பர் தடுப்பின் மேல் உட்கார்ந்துவிடும், வயிறு பாறையில் தட்டும். அப்படிப் போகிறவர் ஒவ்வொரு பைக்கும் டயர் வால்வு போன்ற ஒரு வழியை முன்கூட்டியே பொருத்தி, காற்றுப் பம்பும் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யச் சோம்பல்படுகிறவருக்குச் சுருள்தான் நல்லது.

நான் குறை காண்பது மாற்றும் விதத்தை. கடையில் இருக்கும் ஒரே அளவு ஸ்பிரிங்கை எல்லோருக்கும் மாட்டிவிடுகிறார்கள். வண்டியில் எப்போதும் எவ்வளவு சுமை இருக்கும் என்று கேட்பவர் குறைவு. முன்னால் விஞ்ச் உண்டா, கூரையில் கூடாரம் உண்டா, பின்னால் இழுவை உண்டா? ஸ்பிரிங்கின் விறைப்பை இவைதான் முடிவு செய்ய வேண்டும், பாதையின் கரடுமுரடு அல்ல. கணினியை ஏமாற்ற ஒரு சிறு பெட்டியைச் சொருகி எச்சரிக்கை விளக்கை அணைப்பதோடு வேலை முடிந்தது என்கிறார்கள். இடவலப் பைகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்த ஏற்பாடு போய்விட்டது, இனி சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் தூக்கும் என்று உரிமையாளரிடம் யாரும் சொல்வதில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி பற்றிய பேச்சும் அந்த நேரத்தில் எழாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றா சுருளா என்ற இந்தச் சண்டை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் சண்டை. அரிசி, எரிவாயுச் சிலிண்டர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் அன்றாடம் ஓடும் ஹைலக்ஸின் பின்னால் இருப்பது இன்னும் பட்டை ஸ்பிரிங்தான். முறிந்தால் ஒரு பட்டையை மாற்றிக்கொள்ளலாம், அதிகம் ஏற்ற வேண்டுமா, இன்னொரு பட்டையைச் சேர்க்கலாம். சொகுசு இல்லை என்று யாரும் அங்கே குறைபட்டதாகத் தெரியவில்லை.

ஹைலக்ஸ் ஓட்டுபவர்களில் சிலர் இப்போது பட்டைக்கும் சட்டகத்துக்கும் இடையில் துணைக் காற்றுப் பையைப் பொருத்துகிறார்கள். சுமைக்கேற்ப ஊதிக்கொள்ளலாம், கணினி வேண்டாம், விலையும் கட்டுப்படியாகும். இரண்டு உலகின் நன்மையும் கிடைத்ததுபோல் தோன்றும். ஆனால் பட்டை தன் இரு முனையில் சுமையைப் பிரித்துத் தாங்கும். பையோ அச்சுக்கு மேலே சட்டகத்தின் ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கும். வால்பக்கம் அளவுக்கு மீறி ஏற்றி, பையை முழுக்க ஊதி, பள்ளத்தில் குதித்தால் சட்டகம் அந்த இடத்தில் வளைந்துவிடும். இப்படி முதுகு மடங்கிய இரட்டைக் கேபின் பிக்கப்புகள் ஆஸ்திரேலியாவில் பல. நிமிர்ந்து நிற்கும் வால் சுமை அளவோடுதான் இருக்கிறது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. வண்டியின் சுமை வரம்பைப் பை ஒரு கிலோகூட உயர்த்துவதில்லை.