மலையக இலக்கியமும் எழுதப்படாத வலியும்

ஒரு மக்கட் கூட்டத்தின் துயரங்களுள் எவை இலக்கியத்தில் ஏறின, எவை ஏறவில்லை என்று கேட்பது விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்று. ஏறியவை அம்மக்களுடைய விழிப்பின் அளவைக் காட்டும். ஏறாதவை, அவ்விழிப்பு இன்னும் எட்டாத மூலைகளைக் காட்டும். அட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தேயிலை மலைகளில் பிறந்த இலக்கியத்தை இக்கேள்வியோடு அணுகுவோர், அந்த மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் மாதாந்த வலி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

மலையக இலக்கியம் துயரத்தைக் கண்டு ஒதுங்கிய இலக்கியம் அன்று. மீனாட்சியம்மாள் நடேசையர் 1940இல் இலங்கை வாழ் இந்தியரின் நிலைமையைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைச் செடியின் அடியில் புதைந்த மனிதரை ஆங்கிலக் கவிதையில் உலகறியச் செய்தார். சக்தி பாலையா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்குத் தந்தார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ தோட்டத்து வாழ்வை நாவலாக்கியது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, கொழுந்தின் எடையை வைத்தே ஒரு பெண்ணின் நேர்மை சோதிக்கப்படும் உலகைக் காட்டிற்று. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’, ஒற்றை அறை லயத்தின் நெருக்கடி மனித உறவையே எவ்வாறு கூனிக் குறுக வைக்கிறது என்பதை மறக்க முடியாதபடி சொல்லிற்று. தமிழகத்திலிருந்து புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1930களிலேயே, தோட்டத்துப் பெண்ணின் உடல் அதிகாரத்தின் காமத்துக்கு இரையாவதை எழுதிவிட்டது.

இவ்வரிசையில் பெண்ணுடல் மூன்று விதமாக வருகிறது: உழைக்கும் உடலாக, சூறையாடப்படும் உடலாக, பிள்ளை பெறும் உடலாக. யாரும் தொடாமலே, எவரும் அடிக்காமலே, மாதந்தோறும் தனக்குள்ளே துடிக்கும் உடலாக அது இப்படைப்புக்களின் மையத்துக்கு வரவில்லை. இக்குறை தனி எழுத்தாளர் எவருடையதும் அன்று; நம் முற்போக்குப் பார்வை முழுவதற்கும் உரியது.

அந்த வலியை முதலில் அதன் பெயரால் அழைப்போம். மாதவிலக்கின்போது பல பெண்களுக்கு ஓரளவு வலி உண்டு. ஆனால் எழுந்து நிற்க முடியாத வலி, வாந்தி, மிகுந்த உதிரப்போக்கு, மலங்கழிக்கும்போது வேதனை, பிள்ளைப்பேறு தடைபடல் என்பன சேர்ந்து வரும்போது அது நோயாக இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்று எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் அடிவயிற்றின் உட்புறத்திலும் குடலைச் சுற்றியும் வளர்கிறது. அது அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கி, உறுப்புக்களை ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கும். பிள்ளை பெறும் பருவத்துப் பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, உலகில் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. வலியடக்கும் மாத்திரை, ஹோர்மோன் சிகிச்சை, அறுவை என்பன தணிக்கும். வசதி படைத்த நாடுகளிலேயே நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்க மருத்துவர் சாம்சன் 1920களில் இதற்குப் பெயரிட்டார். நூறு ஆண்டு கழிந்த பின்னும் லயத்தில் இதன் பெயர் ‘வயித்துவலி’ என்பதே. ஆண் கணக்கப்பிள்ளையின் முன் ஒரு பெண் சொல்லத்தக்க சொல் அது ஒன்றுதான். அச்சொல்லும் நோயை மூடி மறைக்கும் போர்வையாகிவிடுகிறது.

அந்த வயித்துவலியோடு அவள் விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகிறாள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, காலடியில் சரிவு, மேலே மழை. மலையில் மறைவிடம் இல்லை. துணி மாற்றத் தேயிலைச் செடியே மறைப்பு. நிறுவையில் குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். வராவிட்டால் பேரே இல்லை. நாட்கூலி வாழ்வில் படுக்கையில் கழிந்த நாள் பட்டினியோடு கணக்கிடப்படும் நாள். செக்ரோலைத் தோட்டத்தின் ஒரே முழுமையான நாட்குறிப்பு என்று சொல்லலாம். ஆனால் அது ‘வந்தாள்’, ‘வரவில்லை’ என்ற இரண்டையே அறியும். ‘நோயுற்றாள்’ என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

இக்கணக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வருகைக்கான கொடுப்பனவு 140 ரூபா. கொடுக்கப்பட்ட வேலை நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் வந்தவர்க்கே அக்கொடுப்பனவு உரியது. மாதத்தில் 25 நாள் வேலை இருந்து, வலியால் நான்கு நாளும் பிள்ளையின் காய்ச்சலால் மூன்று நாளும் நின்ற ஒரு பெண் 18 நாளே வந்தவள். ஏழு நாட் கூலியோடு, உழைத்த 18 நாளுக்கும் உரிய 2,520 ரூபாவையும் அவள் இழந்தாள். படுத்த நாளுக்குக் கூலி இல்லை என்பதோடு நில்லாமல், உழைத்த நாளுக்கும் தண்டம் விதித்த ஏற்பாடு அது. 2019 ஒப்பந்தத்தில் அக்கொடுப்பனவு நீங்கியது. எனினும் 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கும் வரவேற்கத்தக்க அறிவிப்போடு, வருகைக்கான 200 ரூபா ஊக்கத் தொகையும் மீண்டும் தலைகாட்டியது. வருகைக்குப் பரிசு என்றால், வலிக்கு அபராதம் என்பதே அதன் மறுபக்கம்.

சட்டத்தின் கண்ணும் இவ்வாறே பாதி மூடியிருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளை பெறும் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் ஓய்வு தந்தது; அது போராடிக் காக்க வேண்டிய உரிமை. ஆனால் அடுத்த தலைமுறைத் தொழிலாளியைத் தரும்போது மட்டுமே கருப்பை சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது; பிள்ளையின்றி வலிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்குமாக ஆண்டுக்கு ஏழு நாள் சம்பள விடுமுறை அளித்தது. கொழுந்தெடுப்பவள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறாள். கடலுக்கு அப்பால், நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாறிலும் இதே மொழி பேசி இதே கொழுந்தைக் கிள்ளும் பெண்களுக்கு, மருத்துவர் சான்றளித்தால் சுகவீனப் படி உண்டு என்று இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆகவே இது நடவாத கனவு அன்று.

ஆயின், இலக்கியம் ஏன் மௌனம் சாதித்தது? முதற் காரணம் தீட்டு. மாதவிலக்கை ‘வீட்டுக்குத் தூரம்’ என்று ஒதுக்கிய பண்பாடு, அதனை ஏட்டுக்கும் தூரமாக்கிற்று. இரண்டாவது, தாய்மை வழிபாடு. பொறுமையே உருவான தாயாகத் தோட்டப் பெண்ணைப் போற்றும்போது, அவள் சகிப்பதையே அழகாக்கிவிடுகிறோம்; சகிப்பை அழகாக்கும் எழுத்து, அறியாமலே துரைமாருக்கு உதவுகிறது. மூன்றாவது காரணம் நம்மவருடையது. சம்பளமும் குடியுரிமையும் வர்க்கப் பிரச்சினை, வயித்துவலி வீட்டுப் பிரச்சினை என்ற பிரிவினை தொழிற்சங்க மேடையிலும் எழுத்து மேசையிலும் ஒன்றுபோல நிலவியது. பெண்ணுக்கு ஆணுக்கிணையான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது என்பதை நினைப்போர்க்கு இம்மௌனம் வியப்பளிக்காது. கூலியைத் தீர்மானிப்பது உடல் மலையேறும் வல்லமை என்றால், அந்த உடலின் நோயைவிட வர்க்கத்தன்மை வாய்ந்த பொருள் வேறெது?

விடுமுறை கேட்டால் பெண்ணுக்கு வேலையே மறுக்கப்படும், பழைய தீட்டு புதிய சட்டை போட்டு வரும் என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. எனினும் ஜப்பான் 1947இலும், இந்தோனேசியா 1948இலும், ஸ்பெயின் 2023இலும் மாதவிலக்கு வேதனைக்கான விடுமுறையைச் சட்டத்தில் எழுதின. எழுதாத இடத்தில் என்ன நிகழும் என்பதை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் 2019இல் காட்டியது. வேலைக்கு வராத நாளுக்குத் தண்டம் கட்ட அஞ்சிய கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டது வெளிவந்து, அரசே விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. விடுமுறை இல்லாத இடத்தில் உறுப்பே விலையாகிறது. நாம் கேட்பது பெண்ணை ஒதுக்கிவைக்கும் சலுகையை அன்று. நோயுற்ற தொழிலாளி எவர்க்கும் உரிய சம்பளத்துடன் கூடிய ஓய்வை. அந்நோய்களின் பட்டியலில் இதுவும் வெட்கமின்றி எழுதப்படவேண்டும்.

சான்றிதழ் வேண்டுமெனில் மருத்துவரும் வேண்டும். 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் புதிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆனால் மேட்டு லயத்திலிருந்து அங்கே போய் வர ஒரு நாட் கூலியும் பஸ் காசும் செலவாகும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைப்பதோ வலியடக்கும் மாத்திரை. வலியடங்கியவள் மறுபடி மலையேறுகிறாள், நோய் அடங்கவில்லை.

இலக்கியம் மருந்து தராது, சட்டமும் இயற்றாது. ஆனால் பெயரற்ற வேதனைக்குப் பெயர் தருவது அதன் தொழில். பெயருள்ள வேதனையையே கோரிக்கையாக எழுத முடியும். கோரிக்கையானதையே ஒப்பந்தத்தில் ஏற்ற முடியும். லயத்தில் பிறந்து பள்ளி ஏறிய பெண்கள் இன்று ஆசிரியைகளாகவும் மாணவியராகவும் எழுத்தாளராகவும் இருக்கிறார்கள். தம் தாயரின் ‘வயித்துவலி’ என்ற சொல்லைத் திறந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கு முதலில் உண்டு. அவர்கள் எழுதும்போது, ‘இது இலக்கியத்துக்கு ஆகுமா?’ என்று கேட்கும் விமர்சகர் இருப்பின், செக்ரோலில் கட்டம் இல்லை என்று சொல்லும் கணக்கப்பிள்ளைக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை.