பிறவாத இசைத்தட்டுகளின் பட்டியல்

இசைக்குழு ஒன்றன் இசைத்தட்டுப் பட்டியல் பெயரும் ஆண்டும் நிரல்பட அடுக்கிய வறண்ட ஏடாகும். அதனைச் சுவைக்காகப் படிப்போர் அரியர். ஆயினும், இல்லாத குழுவிற்கு இல்லாத இசைத்தட்டுகளைக் கற்பித்து, அப்பட்டியலையே நகைச்சுவைப் படைப்பாக்கிய முயற்சி ஒன்று ஆங்கில உலகில் உண்டு. 'ஸ்பைனல் டாப்' என்னும் கற்பனை ராக் இசைக்குழுவின் பட்டியலே அது. அது வெறும் விளையாட்டா, அன்றித் திறனாய்வின் பாற்பட்டதா என்பது ஆராயத்தக்கது.

1984ஆம் ஆண்டில் ராப் ரைனர் இயக்கத்தில் வெளிவந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' என்னும் திரைப்படம், செய்திப்படம் போலத் தோற்றம் காட்டும் கதைப்படம். புகழ் மங்கிவரும் ஆங்கிலேயக் குழு ஒன்று, புதிய இசைத்தட்டு ஒன்றை விற்கும் பொருட்டு அமெரிக்காவில் ஊர் ஊராகச் செல்கின்றது. மைக்கேல் மெக்கீன், கிறிஸ்டோபர் கெஸ்ட், ஹாரி ஷியரர் ஆகிய மூவரும் குழுவினராக நடித்தனர். உரையாடலின் பெரும்பகுதியை அவ்வப்போதே புனைந்து பேசினர். பாடல்களை ரைனருடன் சேர்ந்து இயற்றித் தாமே இசைத்தனர்.

படத்தினுள் குழுவின் பழைய வரலாறு துண்டு துண்டாக வருகின்றது. 1965இல் அக்குழு வேறொரு பெயருடன், ஒத்த உடை அணிந்து, துள்ளலான பாட்டுப் பாடுகின்றது. 1967இல் அதே முகங்கள் மலர்களையும் அன்பையும் பாடுகின்றன. பின்னர் முழக்கமே இசை என்னும் காலம் வந்தவுடன் இவர்களும் முழங்கத் தொடங்கிவிடுகின்றனர். ராக் இசையின் மெய்யான வரலாற்றில் மாறிய ஒவ்வொரு வழக்கும் இப்பட்டியலில் ஒரு படியாக நிற்கின்றது. தமக்கெனக் குரல் இல்லாதார் காலந்தோறும் பிறர் குரலை இரவல் வாங்குவர் என்னும் உண்மையை, விளக்கவுரை ஏதுமின்றி இவ்வரிசை உணர்த்திவிடுகின்றது.

பெயர்களைக் காண்போம். 'தி சன் நெவர் ஸ்வெட்ஸ்' என்பது ஓர் இசைத்தட்டு. கதிரவன் மறையாத பேரரசு என்று ஆங்கிலேயர் பெருமை பேசிய தொடரில் ஒரு சொல்லை மாற்றி, கதிரவனுக்கு வியர்ப்பதில்லை என்று ஆக்கியுள்ளனர். ஒரு சொல் மாறவே பேரரசின் பெருமிதமும் குழுவின் வெறுமையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. 'ஷார்க் சாண்ட்விச்' என்னும் மற்றொன்றிற்கு இரண்டே சொல்லில் அமைந்த மதிப்புரை ஒன்று படத்தில் படித்துக் காட்டப்படுகின்றது. பாடல் ஒன்றும் கேளாமலேயே அத்தட்டின் தரம் நமக்கு விளங்கிவிடுகின்றது.

இனி, அக்குழுவின் புதிய தட்டாகிய 'ஸ்மெல் தி குளோவ்'. அதன் உறைப்படம் பெண்மையை இழிவு செய்வதென விற்பனையாளர் மறுக்க, எழுத்தோ படமோ இல்லாத கருப்பு உறையுடன் தட்டு வெளிவருகின்றது. பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெறும் வெள்ளை உறையை வெளியிட்டது உலகறிந்த செய்தி. 1991இல் மெட்டாலிகா என்னும் மெய்யான குழு ஏறத்தாழ முழுதும் கருப்பான உறையை வெளியிட்டது. முன்னதை எள்ளியதாகத் தோன்றும் கற்பனை, பின்னதற்கு முன்னோடியாகவும் நின்றது.

இதற்கு முன் எரிக் ஐடிலும் நீல் இன்னஸும் உருவாக்கிய 'தி ரட்டில்ஸ்' என்னும் குழுவும் நையாண்டிக் குழுவே. இன்னஸ் இயற்றிய பாடல்கள் இனியவை. எனினும் அவை பீட்டில்ஸ் என்னும் ஒரு குழுவையே நிழல்போல் தொடர்வன. மூலப் பாடலை அறியாதார்க்குப் பாதிச் சுவையே கிட்டும். ஸ்பைனல் டாப் எந்த ஒரு குழுவின் நிழலும் அன்று. அது ஒரு தொழிலின் இயல்பையே எள்ளுகின்றது. ஆதலின் மூலம் அறியாதாரும் நகைக்கின்றனர்.

நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் தொல்காப்பியர் வைத்தார். எள்ளலாவது பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதலும் என இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரை. அவ்விரண்டும் இப்படைப்பில் உள. குழுவினரின் பேதைமையைக் கண்டு நகும் நாம், வரவேற்பு குறைந்த பின்னும் பாட்டைக் கைவிடாத அவர்தம் பிடிவாதத்தைக் கண்டு இரங்கவும் செய்கின்றோம். வெறுப்பு மட்டும் இருந்திருப்பின், பதினைந்து ஆண்டுக்கால இசைவழக்குகளை இத்துணை நுட்பமாகப் போலி செய்திருத்தல் இயலாது.

குறையும் உண்டு. இக்கற்பனைக் குழு பின்னர் மெய்யாகவே இசைத்தட்டு வெளியிட்டது. 1992இல் 'பிரேக் லைக் தி விண்ட்', 2009இல் 'பேக் ஃப்ரம் தி டெட்' ஆகியன வந்தன. இசைத்திறனில் அவை குறைந்தன அல்ல. ஆனால், பெயரளவில் நின்ற தட்டினைக் கேட்போன் தன் மனத்தில் தானே இசைத்துக்கொண்டான். கையில் வந்த தட்டு அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டது. குறிப்பால் உணர்த்தப்பட்டதை வெளிப்படக் கூறின் சுவை குன்றும் என்பது செய்யுட்கு மட்டும் உரிய விதி அன்று.

2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இப்படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. பிறவாத இசைத்தட்டுகளின் பட்டியல் பிறந்தவற்றின் வரலாற்றுக்குச் சான்றாயிற்று. எள்ளப்படும் பொருளை முற்றக் கற்றவனே நன்கு எள்ள வல்லான். மாணவர்க்கு நையாண்டி எழுதப் பயிற்றுவோர் இதனை முதற் பாடமாகக் கொள்ளலாம்.